பச்சை டேப் தண்ணீர்

சாகப்போகிற எலியை ஜெகதீஸ்வரிக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். முதுகு கூனும், முடி சிலிர்த்து நிற்கும், கண் பாதி மூடும், மற்றதுகளோடு சேராமல் கூண்டின் மூலையில் தனியாகப் போய் உட்காரும். படித்தவர்கள் தராசையும் கணினியையும் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் கண்டுபிடிப்பதை இவள் முதல் நாளே, கதவைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். எலி வீட்டில் பதினோரு வருஷ வேலை. அந்தக் கண் யாருக்கும் சும்மா வந்துவிடாது.

எலி வீடு என்பது அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளம் அது. ஜன்னல் கிடையாது. உள்ளே போக வேண்டுமானால் உடை மாற்றி, தலைக்கு உறை போட்டு, முகமூடி கட்டி, கை உறை மாட்டிக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கூண்டு மாற்ற வேண்டும், தண்ணீர் பாட்டில் மாற்ற வேண்டும். தினமும் ஒவ்வோர் எலியாகத் தூக்கி எடை போட்டு, அதன் புழுக்கை இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எண் போட வேண்டும். ஆராய்ச்சி முடிந்த அன்று எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு மூடி, வாயுக் குழாயைத் திறந்துவிட வேண்டும். அதையும் அவள்தான் செய்தாள். முதல் தடவை இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மத்தியானத்துக்கு என்ன சமைத்து வைத்திருக்கிறோம் என்று யோசிப்பாள்.

தீவுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவத்தில் கணக்கில் கோட்டை விட்டாள். அறிவியலில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் அதைத் தலையில் வைத்துக் கொண்டாட வீட்டில் ஆளில்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் கழிந்தது. சின்னையாவைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்தாள். சின்னையா லாரிக்காரர். மாதத்தில் இருபது நாள் ஜொகூர் பக்கம் ஓட்டம், மீதிப் பத்து நாள் தூக்கம். சுங்கை பினாங்கு அடுக்குமாடியில் ஏழாவது மாடி வீடு, துளசி என்று ஒரே பெண். நாத்தனார் குமுதா, சின்னையாவின் அக்கா, அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. குமுதாவின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், இவளுக்கு எலி வீட்டில் வேலை கிடைத்த அன்று நாலு பேர் கேட்க, "எலிப்பீ அள்ளுறதுக்கு யூனிபோர்ம் வேற குடுக்கறானுங்களா?" என்று சிரித்தவள் அவள். அந்தச் சிரிப்பை ஜெகதீஸ்வரி இன்றுவரை மறக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் என்ன, மருந்து எப்படிப் பிறக்கிறது என்று இவர்களுக்கு என்ன தெரியும், எனக்குத் தெரியும் என்ற ஒரு கர்வம் அன்றைக்குத்தான் அவளுக்குள் முளைத்தது. வெளியே காட்டிக்கொள்ளாத கர்வம். அதுதான் பின்னால் பிள்ளையின் வயிற்றில் கை வைத்தது.

துளசிக்குப் பத்தொன்பது வயதில், அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. விடிவதற்குள் பஸ் வந்துவிடும், இரண்டாவது பாலத்தின் வழியாகக் கூட்டிப் போவார்கள். கடல்மேல் நீண்டு கிடக்கிற பாலம், நடுவில் நிறுத்த வழியில்லை. வயிற்றுவலியும் கழிச்சலும் ஆரம்பித்து ஆறு மாதமாகியும் கேஸ்டிரிக்தான் என்று மருந்துக்கடையில் வெள்ளை மாவுத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள் பெண். ஒருநாள் பாலத்தின் நடுவில் தாங்க முடியவில்லை. டிரைவரிடம் போய் அழுதாள், அவரும் பாவம் என்ன செய்வார். நாற்பது பேர் இருந்த பஸ்ஸில் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். பின்சீட்டுக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள். ஒருத்தி கைபேசியை எடுத்துப் படம்கூடப் பிடித்தாள். அன்றோடு வேலை முடிந்தது. துளசி அதற்குப் பிறகு பஸ் ஏறவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள், குரோன்ஸ் என்று. குடல் தானாகவே வெந்து புண்ணாகிற நோய். தீராது, அடக்கி வைக்கலாம். முதலில் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை, எட்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும். கூடவே இன்னொரு மஞ்சள் மாத்திரை, அது வேலை செய்ய ஆரம்பிக்கவே மூன்று மாதம் பிடிக்கும், அதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. டாக்டர் ஜெகதீஸ்வரியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். குடலில் ஓரிடம் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிறது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், குடலை வயிற்றின் வெளியே கொண்டுவந்து, மலம் சேரப் பை மாட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் பை என்ற சொல் ஜெகதீஸ்வரியோடு வீடு வரைக்கும் வந்தது. அது போதாதென்று குமுதா வேறு. ஆஸ்பத்திரியில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பார்க்க வந்த இடத்தில், துளசி பக்கத்து அறையில் படுத்திருக்கும்போதே கேட்டாள்: "ஆபரேசன் பண்ணி பை கட்டுவாங்களாமே? எங்க ஆபீஸ்ல ஒரு சீனத்திக்குப் பாத்திருக்கேன். நாத்தம் வரும்லா. அப்புறம் எவன் கட்டிக்குவான் ஜெகா? கட்டிக்கிட்டவன் பக்கத்துல படுப்பானா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல அண்ணி. கேஸ்டிரிக்தான். மாத்திரையிலயே சரியாப் போயிடும்" என்றாள் ஜெகதீஸ்வரி.

அன்று முதல் ஊருக்கெல்லாம் கேஸ்டிரிக் என்றே சொல்லி வைத்தாள். சின்னையாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. மகள் வயிற்றில் பை ஏறக்கூடாது. அவளுக்கு உலகத்தில் வேறு வேண்டுதல் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து எலி வீட்டுக்குப் புது ஆராய்ச்சி ஒன்று வந்தது. அதை நடத்தியவள் ஷாஹிரா, சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவரின் மகள், முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தளத்துக்கு வருகிற படித்தவர்களில் ஜெகதீஸ்வரியை அக்கா என்று கூப்பிட்டு, உட்கார்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான்.

"இது என்ன ஆராய்ச்சி ஷாஹிரா?" என்று இவள் கேட்டாள், எடை போட்டுக்கொண்டே.

"ஆட்டோஃபேஜின்னு ஒன்னு அக்கா. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் தினம் குப்பை சேரும். உடைஞ்ச சாமான், உள்ள புகுந்த கிருமி, அந்த மாதிரி. அதையெல்லாம் அந்த செல்லே சுருட்டிக் கரைச்சித் தின்னுடும். மிஞ்சுறத வச்சி புதுசு கட்டிக்கும். தன்னைத் தானே தின்னுறதுன்னு அர்த்தம்."

"தன்னையே தின்னா செத்துப் போவாதா?"

"தின்னலைன்னாதான் சாகும்" என்று சிரித்தாள் ஷாஹிரா. "இதுல பாதிக்கு மேல எலிங்களுக்கு அந்த ஜீனை எடுத்துட்டாங்க. குடல்ல கிருமியைக் கொல்ற செல்லு இருக்கும்லா, அதுக்குள்ள குப்பை தேங்கி, அது செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாம போயிடும். கிருமி சுவர்ல ஏறிடும். உடம்பு பயந்துபோயி தன் குடலையே அடிக்க ஆரம்பிச்சிடும். மனுசங்களுக்கும் இருக்கு அக்கா, குரோன்ஸ்னு பேரு. அதுல சில பேருக்கு இதே இடத்துலதான் கோளாறு. இப்ப அந்தக் குப்பை அள்ற வேலையைத் தூண்டி விடற மருந்து ஒன்ன சோதிக்கிறோம்."

ஜெகதீஸ்வரியின் கையிலிருந்த எலி நழுவித் தராசுக்குள் விழுந்தது. தொண்டை வரை வந்தது, என் மகளுக்கும் அதுதான் ஷாஹிரா என்று. சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் பதறிப்போய் நாலு டாக்டரைக் கேட்டுச் சொல்லியிருப்பாள், மாத்திரையை மட்டும் விடாதீங்க அக்கா என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருப்பாள். ஆனால் சொன்னால் இன்றைக்கு ஷாஹிராவுக்குத் தெரியும், நாளைக்கு யாருக்குத் தெரியுமோ. ஜெகதீஸ்வரி வாயை மூடிக்கொண்டு, "பதினெட்டு கிராம்" என்றாள். ஷாஹிரா எழுதிக்கொண்டாள்.

கூண்டுகள் மூன்று நிறம். சிவப்பு டேப் ஒட்டியது ஆறு, மஞ்சள் ஆறு, பச்சை ஆறு, கூண்டுக்கு ஐந்து எலி. தண்ணீர் பாட்டிலிலும் அதே நிறத்தில் டேப். எதில் என்ன கலந்திருக்கிறது என்று ஷாஹிராவுக்கே தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று புரொபஸர் அந்த விவரத்தைத் தன் மேசையில் பூட்டி வைத்திருந்தார். பாட்டிலை வேறொரு அறையில் நிரப்பி அனுப்புவார்கள். ஜெகதீஸ்வரி பழையதைக் கழற்றி, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும்.

மூன்றாவது வாரத்திலேயே அவள் கண்டுவிட்டாள். சிவப்பில் முதுகு கூனிவிட்டது, புழுக்கையில் ரத்தம். மஞ்சளிலும் அப்படித்தான். பச்சையோ கொழுகொழுவென்று இருந்தது. முடி பளபளப்பு, கண் திறந்து கிடந்தது, புழுக்கை அரிசி மாதிரி இறுகியிருந்தது. கூண்டைத் திறந்தால் கையைக் கடிக்க வந்தது. எடைத் தாளை எடுத்து ஒரு மூலையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள், பரீட்சையில் தோற்ற அதே கணக்கை வைத்து. சந்தேகமே இல்லை. மருந்து பச்சையில்தான் இருக்கிறது.

கேளுங்கள், அவள் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் துளசியின் குடல் தப்பியிருக்கும். இவள் பார்த்தாள், எண்ணினாள், கூட்டினாள், கழித்தாள். நோயே கொடுக்காத எலி ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆராய்ச்சியில் வைப்பார்கள் என்பது மட்டும் பதினோரு வருஷத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கூண்டு கழுவுகிறவளுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் அவள் உடனே துணியவில்லை. ஒரு வியாழக்கிழமை, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து முகமூடியை இறக்கி, பச்சைப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். புளித்தது. வெறும் தண்ணீர் எங்கேயாவது புளிக்குமா? பதினோரு வருஷமாக அந்தப் பாட்டில்களைக் கழுவியவள் அதுவரை அந்தத் தண்ணீரை வாயில் வைத்ததே இல்லை. எலித் தண்ணீரை எவள் குடித்துப் பார்ப்பாள்? பச்சையை ருசித்தவள் பக்கத்திலிருந்த சிவப்பையும் மஞ்சளையும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்திருக்கலாமே, அடி பாவி! பார்க்கவில்லை. அதில் நோய் இருக்கிறது என்று பயந்தாள்.

அன்று தொட்டியில் கொட்ட வேண்டிய மிச்சத்தைத் தன் தண்ணீர் போத்தலில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். கொதிக்க வைத்தால் மருந்து செத்துவிடும் என்று கொதிக்க வைக்கவில்லை.

"என்னம்மா இது?" என்றாள் துளசி.

"மருந்து. எங்க லேப்புல புதுசா கண்டுபிடிச்சது. ஷாஹிரா அக்கா இருக்காளே, அவதான் ஒனக்குன்னு குடுத்தா. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, தெரிஞ்சா அவளுக்கும் வேலை போயிடும், எனக்கும் போயிடும்."

துளசி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "புளிக்குதும்மா!"

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். குடி."

பொய்யிலும் பாதிதான் பொய் என்று ஜெகதீஸ்வரி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தோட்டத்தில் அவள் வளர்ந்த வழக்கம் ஒன்று உண்டு: ஒரு மருந்து சாப்பிடும்போது இன்னொரு மருந்தைத் தொடக்கூடாது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வைத்தியர் சூரணம் கொடுத்தால் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பத்தியம் இருப்பார்கள். எலிக்கு மஞ்சள் மாத்திரையா கொடுத்தார்கள்? பச்சைத் தண்ணீர் மட்டும்தானே கொடுத்தார்கள்? அப்படியானால் அது மட்டும்தான் போக வேண்டும். ஸ்டீராய்டு எப்படியும் முடியப்போகிறது, அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்று சொன்ன அந்த மஞ்சள் மாத்திரையை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கருவாடு இல்லை, கோழி இல்லை, கத்தரிக்காய் இல்லை. பத்தியத்தையும் சேர்த்துப் போட்டாள்.

துளசிக்கு அந்த மாத்திரையால் குமட்டலும் முடி கொட்டுவதும் இருந்தது. நிறுத்தியதும் சந்தோஷம்.

நாலு வாரம் துளசி நன்றாகவே இருந்தாள். ஸ்டீராய்டின் மிச்சம் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது, அது செய்த வேலை அது. முகம் ஊதி உருண்டையானது. பசித்தது. இரண்டு கிலோ ஏறினாள். ஜெகதீஸ்வரி தினமும் காலையில் மகளைத் தராசில் ஏற்றி, சமையலறை நாள்காட்டியில் எடையைக் குறித்தாள். எலி வீட்டில் பச்சை எலி ஏறியது, வீட்டில் துளசி ஏறினாள். இரண்டும் ஒன்றாக ஏறுவதைப் பார்த்து அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய டாக்டர்களால் முடியாததை எலிப்பீ அள்ளுகிறவள் செய்துவிட்டாள் பார் என்று குமுதாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத குறைதான். மின்தூக்கியில் குமுதாவைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். "என்ன ஜெகா, ரொம்ப குஷியா இருக்கே?" என்றாள் குமுதா. "ஒன்னுமில்ல அண்ணி, துளசிக்கு கேஸ்டிரிக் நல்லாப் போச்சு" என்றாள்.

ஐந்தாவது வாரம் தராசு நின்றது. ஆறாவது வாரம் இறங்கியது. துளசி கழிப்பறைக்குப் போய்விட்டு வரும் நேரம் கூடியது. ஒருநாள் வேலை விட்டு வந்த ஜெகதீஸ்வரி மகள் சோபாவின் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முதுகு கூனியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது, கையில் முடி குத்திட்டு நின்றது. எலியில் அதைப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே ஷாஹிராவைக் கூப்பிட்டு, இது தாங்காது என்று சொல்லியிருப்பாள். மகளில் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, வலி தாங்கல" என்றாள் துளசி.

"போனா வெட்டிடுவானுங்க. பையைக் கட்டி அனுப்பிடுவானுங்க. பேசாம இரு. மருந்து பத்தல, அவ்வளவுதான்."

இரண்டு டம்ளரை நாலாக்கினாள். மூன்று நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. துளசி கத்தவில்லை, கத்தக்கூடத் தெம்பில்லை. அப்போதுதான் ஜெகதீஸ்வரி ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

குடல் ஓட்டையாகி, உள்ளே சீழ் பரவியிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார், அந்த மாத்திரையைத் தினமும் தவறாமல் கொடுத்தீர்களா என்று. ஜெகதீஸ்வரி அந்த டாக்டரின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "குடுத்தேன் டாக்டர். அவதான் ஒழுங்கா முழுங்கல போல. இந்தக் காலத்துப் பிள்ளைங்க நம்ம பேச்சையா கேக்குது?" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார், நோயாளி மருந்தைச் சரியாக எடுக்கவில்லை என்று. துளசி அந்த நேரத்தில் மயக்கத்தில் கிடந்தாள், எதையும் கேட்கவில்லை.

ஒன்றரை அடி குடலை வெட்டி எடுத்தார்கள். வலது பக்கம் தொப்புளுக்குக் கீழே குடலின் நுனியை வெளியே இழுத்துத் தைத்து, பை மாட்டினார்கள். நிரந்தரமா, கொஞ்ச காலத்துக்கா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

நாலாம் நாள் திங்கட்கிழமை. அன்று ஆராய்ச்சி முடிகிற நாள், எலிகளை முடிக்க ஆள் வேண்டும், வேறு யாருக்கும் கை பழக்கமில்லை. ஜெகதீஸ்வரி வேலைக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. பச்சை எலி நல்லாத்தானே இருக்கு, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? அளவு தப்பா, பத்தியம் தப்பா? அதை யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

ஷாஹிரா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "புரொபஸர் விவரத்தைத் திறந்துட்டாரு அக்கா. மருந்து தோத்துப்போச்சு. ரெண்டு வருசம் வேலை, மண்ணாப் போச்சு."

"பச்சை நல்லாத்தானே இருக்கு?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"பச்சையா? அது சும்மா எலி அக்கா. ஜீனும் எடுக்கல, குடலைப் புண்ணாக்குற பொடியும் போடல. ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்தது. நோயே இல்லாதது நல்லாத்தானே இருக்கும்?"

"அப்ப அந்தத் தண்ணி?"

"தண்ணி தண்ணிதான்."

"புளிக்குமே."

ஷாஹிரா நிமிர்ந்து பார்த்தாள். "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

ஜெகதீஸ்வரி கை உறையை இழுத்து இழுத்து மாட்டினாள்.

"இங்க எல்லா எலிக்குமே தண்ணியில கொஞ்சம் அமிலம் கலப்பாங்க, பாட்டில்ல கிருமி வளராம இருக்க. சிவப்புலயும் புளிக்கும், மஞ்சள்லயும் புளிக்கும். வருசக் கணக்கா அப்படித்தான்லா. என்னக்கா, மயக்கமா வருதா? உக்காருங்க."

"மருந்து எதுல இருந்திச்சி?"

"மஞ்சள்ல. சிவப்பும் மஞ்சளும் ஒரே மாதிரிதான் செத்துச்சி, நீங்கதான் பாத்தீங்களே." ஷாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பச்சையையும் முடிச்சிடணும் அக்கா. நல்ல குடல் எப்படி இருக்கும்னு வெட்டிப் பாக்கணும்."

முப்பது எலி. ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டாள். கொழுத்து, வழுவழுவென்று, கையைக் கடிக்கிற எலிகள். ஒன்று விரலில் கவ்விவிட்டது, கை உறைக்குள் ரத்தம் ஊறியது. மூடியை வைத்துக் குழாயைத் திறந்தாள். சமையலை யோசிக்கவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்து, கடைசி எலி படுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற வழி முழுக்க ஒன்றை முடிவு செய்துகொண்டாள்: சொல்லிவிட வேண்டும். நான்தான் மாத்திரையை நிறுத்தினேன், நான் கொடுத்தது எலி வாய் வைத்த மிச்சத் தண்ணீர், என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்று பிள்ளையின் காலைப் பிடித்துவிட வேண்டும். டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அதில் பொய் இல்லை.

துளசி கண் விழித்திருந்தாள். போர்வைக்குள் வலது பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தது. அம்மாவைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"ம்மா, ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"நானும் ஒன்னு சொல்லணும்டா."

"நான் மொதல்ல சொல்லிடறேன்." துளசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், கடிபட்ட விரலோடு சேர்த்து. "அந்த மருந்துத் தண்ணி இருக்குல்ல, அதை நான் ஒழுங்கா குடிக்கலம்மா. ரெண்டு வாரமா. புளிப்பு தாங்கல, பல்லெல்லாம் கூசுச்சி. நீ வேலைக்குப் போனதும் சிங்க்ல ஊத்திட்டு, குடிச்சிட்டேன்னு சொன்னேன். நாலு டம்ளர் குடுத்தப்பயும் அப்படித்தான். நீ வேலை போனாலும் பரவால்லன்னு எனக்காக மறைச்சிக் கொண்டு வந்தே, நான் ஊத்திட்டேன். அதனாலதாம்மா எனக்கு இப்படி ஆச்சு. எல்லாம் என் தப்புதான்."

அழுதாள். அழுதால் தையல் வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி அடக்கி அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெகதீஸ்வரி வாயைத் திறந்தாள். வழி முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தை அத்தனையும் நாக்கின் நுனியில் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளையின் நெஞ்சிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். இறங்கி எங்கே போகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. குமுதா கேட்பாள். சின்னையா கேட்பார். இந்தப் பிள்ளை இப்படிக் கையைப் பிடித்துக்கொள்ளுமா இனிமேல்?

"கோவமாம்மா?" என்றாள் துளசி. "ஷாஹிரா அக்காகிட்ட சொல்லிடாதம்மா, பாவம் அவங்க."

"சொல்லமாட்டேன்."

"என்னை மன்னிச்சிடுவியா?"

ஜெகதீஸ்வரி மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். போர்வையை இழுத்து, பை தெரியாமல் மூடினாள்.

"மன்னிச்சிட்டேன்டா" என்றாள். "இனிமேலாவது அம்மா சொல்றதக் கேளு."

துளசி தலையை ஆட்டினாள். "நீ என்னமோ சொல்லணும்னியே?"

"ஒன்னுமில்ல. பசிக்குதான்னு கேக்க வந்தேன்."